கள்ள வாக்கும் காணாமற்போன வாக்கும்: ஒரு தீர்ப்பின் திறனாய்வு

திறனாய்வு என்றவுடன் கவிதையும் புதினமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஒருவர் ஒன்றைக் கூறுங்கால் அக்கூற்றுக்குக் காட்டப்படும் சான்று அதனைத் தாங்கவல்லதா என்று நாடிப் பார்ப்பதே திறனாய்வின் அடிப்படைப் பணியாகும். அவ்வகையில் நோக்கின், நீதிமன்றத் தீர்ப்பும் திறனாய்வுக்கு உரிய ஓர் எழுத்தே. மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் நாம், நாடாளும் பெரியோர் எழுதும் கட்டுரைகளையும் அதே அளவுகோலால் அளந்து பார்க்கக் கற்பித்தல் வேண்டும்.

அத்தகைய ஓர் எழுத்து, அமெரிக்க உச்சநீதிமன்றம் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வழங்கிய 'கிராஃபோர்டு எதிர் மேரியன் மாவட்டத் தேர்தல் வாரியம்' என்னும் தீர்ப்பு. கள்ள வாக்கைப் பற்றிய அச்சமும், உரிய வாக்காளர் தடுக்கப்படுவர் என்னும் அச்சமும் இத்தீர்ப்பில் நேருக்கு நேர் நிற்கின்றன. எனவே ஆய்வுக்கு இது மிக ஏற்றது.

வழக்கின் சுருக்கம்

இந்தியானா மாநிலம் 2005ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வாக்குச்சாவடிக்கு நேரில் வருவோர், அரசு வழங்கிய நிழற்பட அடையாள அட்டையைக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். அட்டை இல்லாதோர் தற்காலிக வாக்கு அளிக்கலாம். ஆனால் 10 நாள்களுக்குள் மாவட்ட அலுவலகத்திற்குச் சென்று மெய்ப்பித்தாலன்றி அவ்வாக்கு எண்ணப்படாது. ஓட்டுநர் உரிமம் இல்லாதோர்க்கு மாநிலம் அட்டையை இலவசமாகவே கொடுத்தது. எனினும், அதனைப் பெறுவதற்குப் பிறப்புப் பத்திரம் போன்ற ஆவணங்கள் வேண்டும். அவற்றுக்குக் கட்டணமும் அலைச்சலும் உண்டு. இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. ஒன்பது நீதிபதிகளுள் அறுவர் சட்டம் செல்லும் என்றனர், மூவர் மறுத்தனர். முதன்மைக் கருத்துரையை எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ்.

சான்றின் எடை

ஸ்டீவன்ஸ் நேர்மையான எழுத்தாளர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியானாவின் வரலாற்றில் எக்காலத்திலேனும் ஒருவர் மற்றொருவராக நடித்து வாக்களித்தார் என்பதற்கு வழக்கின் ஆவணங்களில் சான்றே இல்லை என்று அவரே எழுதுகிறார். பின்னர், பிற இடங்களிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தேடுகிறார். அவற்றுள் முதன்மையானது, 1868ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் டுவீட் என்னும் அரசியல் தலைவரின் கூட்டத்தார் ஒரே ஆளைப் பலமுறை வாக்களிக்கச் செய்த நிகழ்ச்சி. தீர்ப்புக்கு 140 ஆண்டுகள் முற்பட்டது அது. இன்னொன்று, வாஷிங்டன் மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் உறுதிசெய்யப்பட்ட ஒரே ஓர் ஆள்மாறாட்டம். மூன்றாவது இந்தியானாவிலேயே நிகழ்ந்தது. ஈஸ்ட் சிகாகோ நகரில் 2003ஆம் ஆண்டு நடந்த மேயர் வேட்பாளர் தேர்வில் முறைகேடு மிகுந்ததால், மாநில உச்சநீதிமன்றமே மறுதேர்தலுக்கு ஆணையிட்டது.

இம்மூன்றாம் எடுத்துக்காட்டில் நாம் சற்றுத் தங்க வேண்டும். ஈஸ்ட் சிகாகோவில் நடந்தது அஞ்சல் வாக்கு முறைகேடு. அஞ்சலில் வாக்களிப்போர்க்கோ 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடையாள அட்டையைக் கட்டாயமாக்கவில்லை. திருடன் நுழைந்த கொல்லைப்புறக் கதவைத் திறந்தே விட்டு, அவன் வந்த தடமே இல்லாத தலைவாசலுக்குப் பூட்டுப் போட்டதை ஒக்கும் இது. கூற்றுக்கும் சான்றுக்கும் உறவு அறுந்த இவ்விடமே இத்தீர்ப்பின் முதற்குறை எனலாம்.

ஆள்மாறாட்டம் கண்ணில் படாதது ஏன் என்பதற்கு, கீழ் முறையீட்டு மன்றத்தில் நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் 2007ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். தெருவில் குப்பை போடுவோர் மிகுதியாயினும் வழக்குகள் அருகியே உள்ளன. அதுபோன்றதே இதுவும் என்றார். உவமை பொருந்துமா? தெருவில் போட்ட குப்பையில் போட்டவர் பெயர் இல்லை. கள்ள வாக்கோ, பட்டியலில் உள்ள யாரேனும் ஒருவரின் பெயரில்தான் விழவேண்டும். அப்பெயர்க்கு உரியவர் உயிரோடிருந்தால் தாமே சாவடிக்கு வந்து கேட்பார். இறந்திருந்தால் இறப்புப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். ஆகவே தடம் பதிக்கும் குற்றத்திற்குத் தடமற்ற குற்றத்தை உவமையாக்கியது பிழை. சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் அத்தகைய தடங்களையே நாடு முழுவதும் தேடினார். 2000ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை அளிக்கப்பட்ட 100 கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில், நம்பத்தக்க ஆள்மாறாட்ட நிகழ்ச்சிகள் 31 மட்டுமே அவருக்குக் கிடைத்தன.

இரண்டு துலாக்கோல்கள்

இத்தீர்ப்பின் பெருங்குறை வேறொன்று. இந்தியானாவில் அடையாள அட்டை இல்லாத, வாக்களிக்கும் வயதினர் ஏறத்தாழ 43,000 பேர் எனக் கீழ்மன்றம் மதிப்பிட்டிருந்தது. ஆயினும், இச்சட்டத்தால் இன்னார் இன்னவாறு துன்புற்றார் என்பதைத் தனித்தனியே மெய்ப்பிக்கும் சான்று போதவில்லை என்று முதன்மைக் கருத்துரை கூறிவிட்டது. மாநிலம் ஒரே ஒரு கள்ள வாக்காளரைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. எதிர்த்தவரோ தடுக்கப்படும் வாக்காளரைப் பெயர் சொல்லிக் காட்டவேண்டும். ஒரு தட்டுக்கு அச்சமே போதும். மறு தட்டுக்கு ஆள் வேண்டும். ஒரே வழக்கில் இரண்டு துலாக்கோல்கள் கையாளப்பட்டன என்பதை மறுக்கவியலாது. மறுப்புரை எழுதிய டேவிட் சூட்டர், மாநிலம் தன் அச்சத்துக்குப் பருப்பொருளான ஆதாரம் காட்டியிருக்க வேண்டும் என்று வாதிட்டதன் நியாயம் இதுவே.

மன்றம் கேட்ட சான்று மறுவாரமே வந்தது. 2008 மே மாதத்தில் இந்தியானாவில் நடந்த வேட்பாளர் தேர்வில், சவுத் பெண்ட் நகரை அடுத்த ஒரு கன்னிமடத்தில் வாழ்ந்த பத்துக்கு மேற்பட்ட முதிய கன்னியர் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். எண்பதும் தொண்ணூறும் கடந்த அவர்களிடம் உரிய அட்டை இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பும் கடமைக்கு ஆளானவர் அதே மடத்தைச் சேர்ந்த மற்றொரு கன்னியர். அவர்கள் யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும், சட்டத்திற்குத்தான் தெரியவில்லை.

வரலாறு கூறுவது

இவ்வச்சத்தை வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்த்தல் இயலாது. 1870ஆம் ஆண்டின் பதினைந்தாம் திருத்தம் இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுத்தலாகாது என்றது. ஆயினும் தென்மாநிலங்களில் வன்முறையாலும் பெட்டி நிரப்புதலாலும் கறுப்பின மக்களின் வாக்குகள் பறிக்கப்பட்டன. 1890ஆம் ஆண்டு மிசிசிப்பியில் கூடிய அரசமைப்பு மாநாட்டில், 1875 முதல் தம் மாநிலத்தில் நேர்மையான எண்ணிக்கையே நடந்ததில்லை என்று ஓர் உறுப்பினர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதற்கு அவர்கள் கண்ட மருந்து யாது? வாக்கைத் திருடியவரை விட்டுவிட்டு, திருட்டுக் கொடுத்தவரைப் பட்டியலிலிருந்து நீக்குவது! தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் அவ்வாறு வந்தன. லூசியானாவில் 1896ஆம் ஆண்டில் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர் 1,30,334 பேர். 1898ஆம் ஆண்டின் புதிய அரசமைப்புக்குப் பின், 1904ஆம் ஆண்டில் எஞ்சியோர் 1,342 பேர். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரே இந்நிலை மாறியது. மிசிசிப்பியில் 1964இல் 6.7 விழுக்காடாக இருந்த கறுப்பினப் பதிவு, 1967இல் 59.8 விழுக்காடாயிற்று.

அச்சட்டத்தின்கீழ், பழைய குற்றமுடைய மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் ஒன்றிய அரசின் இசைவைப் பெறவேண்டியிருந்தது. இக்கட்டுப்பாட்டுக்கு அடிப்படையான விதியை உச்சநீதிமன்றம் 2013ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் நீக்கியது. டெக்சஸ் மாநிலம் தன் அடையாள அட்டைச் சட்டத்தை அன்றே நடைமுறைப்படுத்தப் போவதாக அறிவித்தது. அச்சட்டத்தின்படி கைத்துப்பாக்கி உரிமம் ஏற்கப்படும். பல்கலைக்கழக மாணவர் அட்டை ஏற்கப்படாது. மாணவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. வட கரோலினாவின் சட்டமோ, கறுப்பின மக்கள் எவ்வெம்முறைகளில் மிகுதியாக வாக்களிக்கின்றனர் என்ற புள்ளிவிவரங்களைக் கேட்டுப் பெற்றபின் இயற்றப்பட்டது. 2016ஆம் ஆண்டில் முறையீட்டு மன்றம் அதனை நீக்கியது.

மறுபக்கம்

திறனாய்வாளன் தன் கட்சிக்கு ஒவ்வாததையும் சொல்லக் கடமைப்பட்டவன். முதலாவது, தேர்தல் முறைகேடு முழுக் கற்பனையன்று. 2018ஆம் ஆண்டு வட கரோலினாவின் ஒன்பதாம் தொகுதியில் 905 வாக்கு வேறுபாட்டில் கிடைத்த முடிவு, அஞ்சல் வாக்குகளில் நடந்த மோசடியால் ஏற்கப்படாது, மறுதேர்தல் நடந்தது. இங்கும் குற்றம் செய்தவர் வாக்காளர் அல்லர். வாக்குத்தாள்களைத் திரட்டிய கட்சித் தொழிலாளர். இரண்டாவது, அடையாள அட்டைச் சட்டங்களால் வாக்களிப்போர் தொகை பெரிதும் குறைந்துவிட்டது என்ற கூற்றும் சான்றால் நிலைபெறவில்லை. 2008 முதல் 2018 வரையிலான தேர்தல்களை ஆராய்ந்து கேண்டோனி, போன்ஸ் ஆகிய இருவர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையான அட்டைச் சட்டங்களால் வாக்களிப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றது. மோசடி குறைந்ததாகவோ, மக்கள் நம்பிக்கை உயர்ந்ததாகவோகூட அதே ஆய்வு காணவில்லை. ஆகவே இருதரப்பாரும் தத்தம் எண்ணிக்கையை அடக்கிப் பேசுதல் நன்று. ஆனால், தொகை சிறிதாயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது: பயன் விளைந்ததாகத் தெரியாத ஒரு சட்டத்திற்காக ஒரு குடிமகன் தன் உரிமையை ஏன் இழக்கவேண்டும்?

'நாம் பிள்ளைப் பருவம் முதல் அடையாள அட்டை வைத்திருக்கிறோமே, அதனைக் காட்டுவதில் என்ன கேடு?' என நம்மவர் வினவக்கூடும். தகுந்த வினா. மலாயாவில் 1948ஆம் ஆண்டு அவசரகாலத்தின்போது அடையாள அட்டை வந்தது. இன்று மலேசியாவில் 12 வயதிலும் சிங்கப்பூரில் 15 வயதிலும் அதற்குப் பதிந்தாக வேண்டும். அமெரிக்காவில் அனைவர்க்குமான தேசிய அட்டை இல்லை. ஓட்டுநர் உரிமமே பெரும்பாலும் அட்டையாகிறது. வண்டி ஓட்டாத முதியோரும் ஏழையரும் ஊனமுற்றோரும் அதற்குப் புறத்தே நிற்கின்றனர். எல்லார்க்கும் அட்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்பது ஒன்று. கொடாமலே கேட்பது வேறொன்று. பிறப்பைப் பதியாத குறையால் அட்டைக்கு அலைந்த தோட்டப்புறக் குடும்பங்களைக் கண்ட நமக்கு, ஒரு தாள் இல்லாமை ஒருவரை எத்துணைத் தொலைவு தள்ளிவிடும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிவுரை

தீர்ப்பை ஆதரித்து எழுதிய போஸ்னரே, 2013இல் வெளியிட்ட நூலில், இவ்வகைச் சட்டம் மோசடியைத் தடுப்பதைவிட வாக்காளரைத் தடுக்கும் கருவியாகவே இப்போது பரவலாகக் கருதப்படுகிறது என்று எழுதினார். மறு ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் அத்தகைய சட்டத்தை எதிர்த்து மறுப்புரையும் வரைந்தார். சான்று மாறியபோது கருத்தை மாற்றிய அவர் செயல் போற்றத்தக்கது.

'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஆராயாது நம்புவதையும், தெளிந்தபின் ஐயுறுவதையும் ஒருசேரக் கடிந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற்றும்போதே ஆராய்வது அரசின் கடமை. இறந்தோர் பெயரை நீக்குவதும் அதன் கடமையே. அவ்விரண்டையும் செவ்வனே செய்யாத அரசு, சாவடி வாசலில் நிற்கும் மூதாட்டியிடம் ஐயம் கொள்வது முறையன்று. ஒரு கள்ள வாக்கு ஒரு நல்ல வாக்கை அழிக்கிறது. தடுக்கப்பட்ட ஒருவரின் வாக்கும் அவ்வாறே அழிகிறது. கணக்கில் இரண்டும் ஒன்றே. எனவே, இனி எந்நாட்டிலேனும் கள்ள வாக்கின் பெயரால் ஒரு விதி முன்மொழியப்படுமாயின், இரு பக்கத்து எண்ணிக்கையையும் ஒரே துலாக்கோலில் இட்டுக் காட்டுமாறு கேட்க நம் மாணவர் பழகுதல் வேண்டும்.