சேப்பாக்கம் செனட் இல்லமும் கூவம் கழிமுகமும்: கட்டட வருணனை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பெற்றது. அதன் சேப்பாக்கம் வளாகத்தில், கூவம் கடலில் கலக்குமிடத்திற்குத் தெற்கே செனட் இல்லம் அமைந்துள்ளது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்த இக்கட்டடம் 1874க்கும் 1879க்கும் இடையே எழுப்பப்பெற்றது. இதனைக் குறித்த வருணனைகள் பெரும்பாலும் மூலைக் கோபுரங்கள், குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இந்தோ-சாரசனிக் பாணி எனப் பெயரிடுவதோடு முடிகின்றன. பாணி விளக்கம் மட்டுமே இக்கட்டடத்தை விளக்கப் போதுமா என்பது ஆராயத்தக்கது.

கடலும் ஆறும்

செனட் இல்லம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதற்கு வடக்கே சென்னைத் துறைமுகப் பணிகளும் நடைபெற்றன. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அத்துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கில் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கில் மணல்வரத்துக் குன்றி இராயபுரம் முதலான பகுதிகள் கடலரிப்புக்கு உள்ளாயின. கூவத்தின் கழிமுகத்தில் மணல்திட்டு வளர்ந்து, நீர்வரத்துக் குறைந்த காலங்களில் ஆற்றின் போக்கைத் தடுத்தது. நகரக் கழிவுநீரும் சேரவே தேக்கம் கேடாக முற்றியது.

ஆகவே, அகன்ற மணற்பரப்பிற்கு எதிரே இன்று வியந்து நோக்கப்படும் செனட் இல்லத்தின் காட்சி சிஷோமின் வரைபடத்தால் மட்டும் அமைந்ததன்று. அதில் துறைமுகத்திற்கும் பங்குண்டு. இவ்வளாகத்திற்கு அழகு சேர்த்த மணல்தான் ஆற்றின் வாயை அடைத்தது. அது சென்று சேராமையால்தான் வடகரை மீனவர் குடியிருப்புகள் நிலமிழந்தன. பாணி என்னும் ஒற்றைச் சொல் இவ்வுறவைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்துவிடுகிறது.

பாதுகாப்பின் எல்லை

பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டிச் செனட் இல்லம் சீரமைக்கப்பெற்றது. அருகிலுள்ள சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால், 2012ஆம் ஆண்டுத் தீ விபத்திற்குப் பின் புதுப்பிக்கப்பெற்று, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று. கட்டடங்கள் மீட்கப்பெற்றன, சூழல் வழக்குகள் விசாரிக்கப்படும் அம்மன்றத்திற்கு அண்மையிலேயே ஓடும் கூவம் இன்னும் மீளவில்லை. ஒரு கட்டடத்தைச் சீர்செய்வது ஒரு நிறுவனத்தால் இயலும், ஆற்றை மீட்பது அவ்வாறன்று என்னும் மறுப்பு நியாயமானதே. ஆயினும், ஆற்றை வருணனையிலிருந்தே விலக்கிவிட அது காரணமாகாது.

முடிவுரை

இக்குறை சென்னையோடு நிற்பதன்று. கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்க வெளியேறுவது அண்மை ஆண்டுகளில் பலமுறை செய்தியாகியுள்ளது. தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் பெருகிவரும் அவ்வெல்லைப் பகுதியின் கட்டட வரலாறு நாளை எழுதப்படும்போது, முகப்பை மட்டும் வருணிக்கும் வழக்கம் தொடருமாயின், அங்கும் ஆறு விடுபட்டுப்போகும். எனவே, கட்டப்பட்ட ஆண்டு, பாணி, கலைஞர் பெயர் ஆகியவற்றோடு, அருகிலுள்ள நீர்நிலையின் போக்கும் அதில் நேர்ந்த மாற்றமும் கட்டட ஆய்வின் அடிப்படைப் பதிவுகளாக இடம்பெறுதல் வேண்டும்.