திடல் யாருடையது?

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் காலையில் மரம் சீவியவர்கள் மாலையில் பந்து உதைத்த திடல், கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனிகள் பலவற்றுக்குத் தலைமையகம் லண்டன். தோட்டம் கைமாறியபோது லயமும் திடலும் சேர்ந்தே போயின; ஆடியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது மலேசியப் பணம் அங்கே, பிரிட்டனின் கால்பந்துக் கழகங்களுக்குப் போகிறது. 2010இல் தொழிலதிபர் வின்சென்ட் டான் வேல்ஸின் கார்டிஃப் சிட்டிக்குள் நுழைந்தார். 2011இல் டோனி பெர்னாண்டஸ் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை வாங்கினார். அவருக்குப் பின் அங்கே பெரும்பங்கு ரூபன் ஞானலிங்கத்தின் கையில். நம்மவர் பெயரைப் பார்த்துப் பெருமைப்படுவதில் தவறில்லை. கணக்கையும் பார்க்க வேண்டும்.

டான் வந்தபோது கார்டிஃப், வரி பாக்கி வழக்கில் கழகமே கலைந்துவிடும் நிலையில் இருந்தது. அவர் பணம் அதைக் காப்பாற்றியது. 2013இல் பிரீமியர் லீக்கிலும் ஏற்றியது. ரேஞ்சர்ஸில் பணம் வேறு விதமாகப் பேசியது: வரம்பு மீறிய செலவு வழக்காகி, 2018இல் ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் பவுண்டில் சமரசமானது.

கார்டிஃபில் என்னை உறுத்துவது பணமல்ல, சின்னம். நூறாண்டாக நீலம் உடுத்திய குழுவுக்கு 2012இல் சிவப்புச் சட்டை மாட்டினார்கள். சின்னத்தில் பெரிய சிவப்பு டிராகன் ஏறியது. ஊரே செல்லமாக அழைத்த நீலப்பறவை அதன் காலடியில் சிறு புள்ளியாகச் சுருங்கியது. ரசிகர்கள் பழைய நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். 2015 ஜனவரியில்தான் நீலம் திரும்பியது. ஆசியச் சந்தைக்குச் சிவப்புதான் ராசி என்று முடிவெடுத்தவர்களுக்கு, அந்த நீலம் எத்தனை தலைமுறையின் ஞாபகம் என்று தெரியவில்லை.

அப்படியானால் அயலார்தான் ஆபத்தா? நம் ஊரையே பாருங்கள். 1921இல் தோன்றி, 2018இலும் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக் அணி, உள்நாட்டு முதலாளிகள் கையில் இருந்தபடியே பணமின்றி 2025இல் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. மஞ்சள் கறுப்புச் சட்டையோடு ஈப்போ ஸ்டேடியத்தில் கத்திய கூட்டத்துக்கு அதைத் தடுக்க ஓர் ஓட்டும் இல்லை. முதலாளியின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்தான். ஊருக்கு அதில் பிடி உண்டா என்பதே கேள்வி. ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்கிறது.

பேராக் அணியை மீண்டும் எழுப்ப யார் முன்வந்தாலும், பெயரையும் நிறத்தையும் மைதானத்தையும் ரசிகர்களின் சம்மதமின்றித் தொடமாட்டோம் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.