பொறுமையின் எண் 517

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்மாட்' என்று அடித்தால் மூன்று பத்திகளில் ஒரு பட்டியல் வரும். மாட்யூலின் (லினக்ஸின் மையமான கெர்னலில் தேவைக்கேற்ப ஏறும் துண்டின்) பெயர், அதன் அளவு, அதை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம். சவுண்டு கார்டு வரிகளை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அடியில் சவுண்ட்கோர். அதன்மேல் எஸ்என்டி. எஸ்என்டியை நம்பி டைமர், இருவரையும் நம்பி பிசிஎம், அதற்கும் மேலே கோடெக், உச்சியில் ஆடியோ சிப்போடு பேசும் டிரைவர். தம்புராவில் சுருதி சேர்ந்த பிறகே கச்சேரி என்பதுபோல, கீழே இருப்பது வந்து உட்காராமல் மேலே இருப்பது வாய் திறக்காது.

இந்த வரிசையை யாரும் கையால் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு மாட்யூலும் தான் பிறருக்குத் தரும் ஃபங்ஷன்களின் பெயர்களையும் பிறரிடம் கேட்கும் பெயர்களையும் தன்னுள்ளேயே சுமக்கிறது. டெப்மாட் என்ற கருவி அவற்றைப் பொருத்திப் பார்த்து, யாருக்கு யார் தேவை என்று ஒரு கோப்பில் குறித்து வைக்கிறது. இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று நம்பிச் சுழன்றால் அப்போதே பிழை என்று சொல்லிவிடும். மாட்ப்ரோப் என்ற கட்டளை அந்தக் கோப்பைப் பார்த்து அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றும். இறக்கும்போது வரிசை தலைகீழ். இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மாட்யூலை நீக்கச் சொன்னால் கெர்னல் மறுத்துவிடும்.

எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்பதும் இதே நேர்த்தியோடு முடிவாகிறது. பிசிஐ கார்டு ஒன்றைக் கண்டதும் அதன் தயாரிப்பாளர் எண், சாதன எண், வகை எல்லாவற்றையும் கோத்துக் கெர்னல் ஒரே சரமாக அறிவிக்கிறது. இன்டெல் தயாரிப்பு என்றால் அதில் 8086 என்று இருக்கும். 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட சிப்பின் பெயர் அது. தங்களுக்கு உரிய சரம் எது என்பதை டிரைவர்கள் முன்பே சொல்லி வைத்திருப்பதால், பொருத்தமானது தானாக ஏறிக்கொள்கிறது.

ஆனால் டிரைவர் ஏறிவிட்டது என்பதற்காக வன்பொருள் தயார் என்று சொல்லிவிட முடியாது. நான் மிகவும் ரசிக்கும் இடம் இதுதான். செல்போன் போன்ற ஏஆர்எம் சாதனத்தில் திரை எழ மின்சாரம் தரும் ரெகுலேட்டர் வேண்டும், கிளாக் வேண்டும், பின்விளக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர். யார் முன்னால், யார் பின்னால் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். டிரைவர்கள் தொடங்கும் வரிசையைக் கையால் மாற்றி ஒரு போர்டைச் சரிசெய்தால், இன்னொன்று படுத்துவிடும்.

2012-இல் வந்த 3.4 பதிப்பில், கிராண்ட் லைக்லி எழுதிய எளிய ஏற்பாடு ஒன்று கெர்னலில் சேர்ந்தது. தனக்கு வேண்டிய துணை இன்னும் வரவில்லை என்றால் டிரைவர் 517 என்ற எண்ணைத் திருப்பித் தரும். பிழை எண்களின் வரிசையில்தான் அதுவும் இருக்கிறது. ஆனால் அதன் பொருள் 'பிறகு வருகிறேன்' என்பதே. கெர்னல் அந்தச் சாதனத்தைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கும். வேறு ஏதாவது ஒரு சாதனம் தன் டிரைவரோடு சேர்ந்ததும், காத்திருப்போரை மறுபடி அழைத்துப் பார்க்கும். வரிசை இப்படித் தானே அமைந்துவிடுகிறது.

இதில் ஒரு கறாரான நாகரிகமும் உண்டு. 517 சொல்லிக் கிளம்பும் டிரைவர் அதுவரை வாங்கிய நினைவகத்தையும் பிடித்த கிளாக்கையும் ஒன்று விடாமல் திருப்பித் தந்துவிட வேண்டும். தன் கீழே புதிய சாதனங்களைப் பதிவு செய்துவிட்டு 517 சொல்லக் கூடாது. சொன்னால் முயற்சி முடிவில்லாமல் சுழலக்கூடும். நல்ல டிரைவரை எழுதியவரின் கைத்திறன் இந்த விலகலில் தெரியும். இப்போது கெர்னல், போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைப் படித்து, யார் யாரை நம்புகிறார் என்று முன்கூட்டியே அறிந்து வீண் முயற்சிகளைக் குறைக்கிறது. ஆனாலும் 517 ஓய்வு பெறவில்லை.

காத்திருப்போர் பட்டியலைக் காட்டும் கோப்பு ஒன்று, கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் இருக்கிறது. புதிய போர்டு ஒன்று எழுந்து நின்றதும் நான் முதலில் திறப்பது அதைத்தான். ஒரு வரியும் இல்லாமல் அது காலியாக இருக்கும்போது, பின்வாங்கிய ஒவ்வொருவரும் திரும்பி வந்து தன் இடத்தில் அமர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.