களேபரம்: சாவு வீட்டுக் கதை செல்லுமா?

எங்க வளவனூர்ப் பக்கம் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனாலே "ஒரே களேபரம்" என்பார்கள். ஆனால் வடமொழியில் இந்தச் சொல்லுக்கு உடல் என்று பொருள். பிணம் என்றும் பொருள் உண்டு. புரி ஜெகந்நாதர் கோயிலில் பழைய மரத் திருமேனிகளுக்குப் பதிலாகப் புதியவற்றை வைக்கும் சடங்குக்கு நவகளேபரம் என்று பெயர். அதாவது புது உடல். 1996-லும் 2015-லும் நடந்தது. 2015-இல் செய்தியைப் பார்த்த நண்பர் ஒருவர், "கோயில்ல என்னப்பா புது கலாட்டா?" என்று கேட்டார்.

சரி, உடல் எப்படிக் கூச்சல் ஆனது? வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: பிணம் கிடக்கும் வீட்டில் ஒப்பாரி, மேளம், வெடி, அந்தச் சத்தமே களேபரம் ஆகிவிட்டது. எங்க ஊர்ச் சாவைப் பார்த்தவனுக்கு இதை நம்பாமல் இருப்பது கஷ்டம். நானும் நம்பினேன், நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது அது நிற்காது என்று படுகிறது. காரணம் இரண்டு.

ஒன்று, கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இன்றும் பிணத்தைத்தான் குறிக்கிறது. அவர்கள் வீட்டுச் சாவு மட்டும் சத்தமில்லாமலா நடக்கிறது? அங்கே ஏன் பொருள் மாறவில்லை?

இரண்டு, சாவு வீட்டில் புழங்கும் சொல்தான் அங்கிருந்து வெளியே வரும். "என்ன எழவுடா இது", "ஒப்பாரி வைக்காதே" என்பதெல்லாம் அப்படி வந்தவை. பிணத்தைக் களேபரம் என்று எந்தச் சாவு வீட்டில் சொல்கிறார்கள்? அது ஏட்டுச் சொல். புழங்காத இடத்தின் சத்தம் அதில் எப்படி ஒட்டும்?

என் ஊகம் வேறு. மூலப்பொருள் பலருக்குத் தெரியாத நிலையில், சொல்லின் ஓசையே பொருளை இழுத்திருக்கிறது. கலகம், கலவரம், கலாட்டா என்று பக்கத்திலேயே ஒரு கூட்டம் நிற்கிறது. மலையாளத்தில் கலாபம் என்றாலும் கலவரம்தான். 1921 மலபார் கிளர்ச்சியை அவர்கள் மலபார் கலாபம் என்பார்கள். இந்தக் கூட்டத்துக்குள் களேபரமும் போய் நின்றுகொண்டது. ள-வுக்கும் ல-வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேச்சில் யார் பார்க்கிறார்கள்?

இதுவும் ஊகம்தான், தீர்ப்பு இல்லை. ஆனால் சொல்லுக்கு அழகான கதை ஒன்று கிடைத்தால் உடனே பகிராமல், பக்கத்து மொழியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிரலைச் சோதிப்பதும் அப்படித்தான். நம்ம கணினியில் ஓடினால் மட்டும் போதாது.