இரண்டு பதிவேடுகளும் ஒரு பிள்ளையும்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. மன்னார்க் கரையில் பிறந்த எனக்கு அது எங்களூர்க் கதைபோலவே பட்டது. ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் முதலாளியைப் பற்றி இலக்கியச் சந்திப்புகளில் நானும் காரமாகப் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் படிப்பதா இல்லையா என்று தீர்மானிக்க இவர் யார் என்பதே எமது கேள்வி. அதே கேள்வியை நம் வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு பிரதியிடம் எழுத்தாளர்களாகிய நாம் அரிதாகவே கேட்டோம். கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தையே சொல்கிறேன்.

நான் சட்டம் கற்றவனல்லன். எழுவாய், பயனிலை கற்பிப்பவன். அந்தக் கண்ணோடுதான் வாசித்தேன். பன்னிரண்டு வயதை அடையாத முஸ்லிம் சிறுமி செய்துகொள்ளும் விவாகத்தைக் காதியின் அனுமதியின்றிப் பதிய முடியாது என எழுதியது 23ஆம் பிரிவு. இங்கே விவாகத்தைச் செய்பவள் சிறுமி. ஆனால் 18ஆம் பிரிவு கேட்ட பிரகடனங்களில் ஒப்பமிடுபவர்கள் மணமகன், மணமகளின் வலி, நிக்காஹ்வை நடத்தியவர் ஆகியோர். எழுவாய்க்குக் கையொப்பம் இல்லை!

2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். அவள் வராவிட்டால் என் வரவுப் பதிவேட்டில் நான் குறித்தாக வேண்டும். விவாகப் பதிவேட்டிலோ அவள் பேசுவதற்கு ஒரு வரியும் வைக்கப்படவில்லை.

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பதினொன்று. கற்பிட்டிக் கரையில் இறங்கி ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். முகாமில் என்னோடு படித்த ஒருத்தி ஒன்பதாம் வகுப்போடு நின்றாள். கலியாணம் முடிந்துவிட்டது என்றார்கள். அவளது வாப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவில்லாத கொட்டிலில் குமரை வைத்துக்கொண்டு அவர் உறங்கியிருக்கமாட்டார். ஆனால் அந்தப் பயத்துக்கு அவளது படிப்பை விலையாகக் கொடுத்தபோது அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு உரிமை உண்டென்றால் அதைச் செயற்படுத்துவது பெற்றோர்தானே என்பார்கள். பாடசாலையில் சேர்க்க, மருந்து கொடுக்க, அவளுக்காக வழக்காடப் பெரியவர்கள் வேண்டும்தான். ஆனால் அநாதையின் சொத்தைக் காத்து, விபரம் தெரியும் வயதில் அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று ஓதிக்கொடுப்பவர்களும் நாம்தாம். சொத்துக்கு உள்ள அமானிதம் ஆயுளுக்கு இல்லையா? வலி காப்பவர், அவளது பங்கை முன்கூட்டியே செலவழிப்பவர் அல்லர்.

பொது விவாகச் சட்டத்தில் வயது 1995இல் 18 ஆனது. நமது சட்டம் அதற்கு வெளியே நின்றது. அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை சொல்வதால், அந்த உரிமைகளைக் காட்டி அவளுக்காக நீதிமன்றம் போக நினைப்பவருக்கும் வழி அடைபட்டது. 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. வயது விடயத்தில் அதற்குள்ளும் ஒருமித்த முடிவில்லை.

மீரானின் முதலாளியை விமர்சித்த அதே நேர்மையோடு இந்தப் பிரதியையும் நாம் வாசிக்க வேண்டும். மணமகள் ஒப்பமிட ஒரு வரி வேண்டும். அந்த ஒப்பத்தை இடும்போது அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கவும் வேண்டும்.