கையில் ஏந்திய பிறகு

பிறந்த குழந்தையை ஆலயத்துக்குத் தூக்கிவந்தால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க சபைகளில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். கத்தோலிக்கர் அதைத் திருமுழுக்கு என்கிறார்கள். பெந்தெகொஸ்தே, பாப்திஸ்து சபைகளில் தண்ணீர் கிடையாது. பாஸ்டர் பிள்ளையைக் கையில் வாங்கி, ஜெபம் பண்ணி, பெற்றோரிடமே திருப்பிக் கொடுக்கிறார். அதற்குப் பிரதிஷ்டை என்று பெயர். பிள்ளை வளர்ந்து தானாகக் கேட்கும் நாளில்தான் முழுக்கு ஞானஸ்நானம். இவற்றில் எது வேதத்தின்படியானது என்ற சண்டையில் நம் ஊர்களில் சபைகள் உடைந்திருக்கின்றன, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது. இரண்டு சடங்குகளிலும் உண்மையான அழகு இருக்கிறது. ஆபத்தான குறையும் இருக்கிறது. சண்டை மும்முரத்தில் இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த பிறகு சபை என்ன செய்கிறது?

இரு தரப்பும் ஆதாரமாகக் காட்டுவது மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தை. சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டுகிறார்கள். இயேசு சீஷர்கள்மேல் கோபப்படுகிறார், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கைகளை வைத்து ஆசீர்வதிக்கிறார். 1549இல் வெளிவந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் குழந்தை ஞானஸ்நானத்துக்கு இந்தப் பகுதியையே வாசிப்பாக வைத்தது. பிரதிஷ்டை ஆராதனைகளிலும் இதையே வாசிக்கிறார்கள். ஆனால் இதில் தண்ணீரும் இல்லை, பொருத்தனையும் இல்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்கள் யார் என்றுகூட மாற்கு சொல்லவில்லை. இயேசு அவர்களிடம் எந்த உறுதிமொழியும் வாங்கவில்லை. கண்டிப்பு விழுந்தது, அவருக்கு மிக நெருக்கமாக இருந்த சீஷர்கள்மேல். பிள்ளைகளுக்குத் தடையாக நிற்பது யார் என்று அந்தப் பகுதி அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியும், நம் சடங்குகளில் கேள்விகள் பெரும்பாலும் பெற்றோரை நோக்கியே போகின்றன.

குழந்தை ஞானஸ்நானத்தின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயர் பிள்ளையைக் கையில் வாங்குகிறார், பெயர் கேட்கிறார். தகப்பன் சொல்கிறார். சாதிப் பட்டமோ வீட்டுப் பேரோ எதுவும் இல்லாமல், வெறும் பெயர். மூன்று முறை தலையில் தண்ணீர், நெற்றியில் சிலுவை அடையாளம். தண்ணீர் பட்ட அதிர்ச்சியில் பிள்ளை வீறிட்டு அழுகிறது. அந்தப் பிள்ளை எதையும் விசுவாசித்து அறிக்கையிடவில்லை, எந்த நன்மையும் செய்யவில்லை. ஆனாலும் அது சபையின் அங்கம் என்று அந்த நிமிஷத்தில் சொல்லப்படுகிறது. எல்.கே.ஜி. சேரும்போதே நேர்முகத் தேர்வு வைக்கிற நாட்டில், எதையும் நிரூபிக்காத ஒரு ஜீவனை முதலில் ஏற்றுக்கொண்டு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லும் இடம் ஒன்றாவது இருப்பது பெரிய காரியம். கிருபை என்ற போதனையை இதைவிடத் தெளிவாகக் கண்ணுக்குக் காட்டும் சடங்கு எனக்குத் தெரியவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதை இன்னும் செம்மையாக்கியது 1969இல். அதுவரை அங்கே குழந்தையின் நிலைக்கேற்ப எழுதப்பட்ட திருமுழுக்குச் சடங்கு இல்லை. பெரியவர்களுக்கான முறையைச் சுருக்கி, பச்சைக் குழந்தையிடமே விசுவாசக் கேள்விகளைக் கேட்டார்கள். ஞானப்பெற்றோர் அதன் சார்பில் பதில் சொன்னார்கள். பிறந்த சில நாட்களுக்குள் கொடுத்துவிடும் அவசரத்தில் பெற்ற தாய் பல நேரம் கோயிலுக்கு வரவே முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த புதிய முறை, குழந்தை குழந்தைதான் என்று ஒப்புக்கொண்டது. கேள்விகள் பெற்றோரிடம் வந்தன. தாய்க்கும் தகப்பனுக்கும் தனி ஆசீர்வாதம் சேர்க்கப்பட்டது.

அந்த அவசரத்துக்குப் பின்னால் இருந்தது பயம். குழந்தை ஞானஸ்நானத்தின் மோசமான குறையும் அதுதான். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைக்கும் தண்டனை உண்டு, அது மிக மென்மையானதாக இருந்தாலும் தண்டனைதான் என்று அகஸ்டின் போதித்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் தணித்து, மோட்சமும் நரகமும் அல்லாத லிம்போ என்ற நிலையைச் சொன்னார்கள். அயர்லாந்தில் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. ஊருக்கு வெளியே, வேலியோரங்களிலும் பாழடைந்த கோயில் மனைகளிலும் புதைத்தார்கள். கில்லீனி எனப்படும் அந்தப் புதைகுழிகள் இன்றும் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அந்தக் குழந்தைகளும் மீட்கப்படுவார்கள் என்று நம்பக் காரணங்கள் உண்டு என்று எழுதியது. நல்லது. ஆனால் பிள்ளையை இழந்த தாய்மார்களுக்கு நூற்றாண்டுக் கணக்காக அந்த ஆறுதல் மறுக்கப்பட்டது. வரவேற்க ஏற்பட்ட சடங்கே, அதைத் தவறவிட்டவர்களை வெளியே தள்ளும் வாசலாகிப் போனது.

பிரதிஷ்டைக்கு மறுபக்கத்து வரலாறு. 1525 ஜனவரியில், ஜெர்மனியின் வால்ட்ஸ்ஹூட் நகரத்துப் போதகர் பால்தசார் ஹூப்மையர் தான் செய்வதை ஒரு கடிதத்தில் விவரித்தார். சபையைக் கூட்டி, சுவிசேஷத்தில் இயேசுவிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்த பகுதியைத் தாய்மொழியில் விளக்குகிறார். குழந்தைக்குப் பெயர் சூட்டி, சபையார் முழங்காலில் நின்று அதற்காக ஜெபிக்கிறார்கள். தண்ணீர் இல்லை. ஆனால் குழந்தை நோயுற்றிருந்து பெற்றோர் கேட்டால் ஞானஸ்நானமும் கொடுக்கிறார்! கொள்கைக்காகப் பெற்றோரின் மனதை உடைக்க விரும்பாத இந்த மனிதரை 1528இல் வியன்னாவில் எரித்தார்கள். மூன்று நாள் கழித்து அவர் மனைவியை டான்யூப் நதியில் அமிழ்த்திக் கொன்றார்கள். குழந்தையின் வாயில் வார்த்தையைத் திணிக்காமல், விசுவாசம் அதன் சொந்தத் தீர்மானமாக வளரட்டும் என்று காத்திருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. பிரதிஷ்டையின் நேர்மையை மதிக்காதவர்கள் இந்த வரலாற்றையாவது மதிக்க வேண்டும்.

அந்தச் சுதந்திரத்துக்காகத் தோன்றிய வழக்கத்தில்தான் நம் ஊரில் பிள்ளையின் சுதந்திரம் வேறு வழியில் பறிபோகிறது. "இவனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துட்டோம்" என்று மைக்கில் சொல்லிவிடுகிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே பண்ணிய பொருத்தனை. கேட்கிற சபை அல்லேலூயா சொல்கிறது. அந்தப் பையன் பதினேழு வயதில் பொறியியல் படிக்க ஆசைப்பட்டாலோ, விசுவாசத்தில் ஒரு சந்தேகம் கேட்டாலோ, அம்மாவின் பொருத்தனையை முறித்தவன் என்ற பாரத்தைச் சுமக்கிறான். அன்னாளும் சாமுவேலை அப்படித்தானே கொடுத்தாள் என்பார்கள். ஆனால் சாமுவேலின் கதை அன்னாளோடு முடியவில்லை. கர்த்தர் அந்தப் பிள்ளையை இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு முறை கூப்பிட்டுப் புரியாமல் போக, மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார். அழைப்பு அவனுக்கே வந்தது, பதிலும் அவனே சொன்னான். பிள்ளையைக் கேட்காமல் நேர்ந்துவிடுவதை நாமே எதிர்த்திருக்கிறோம்: 1901இல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த நிலையில் கோயில் பெண்களிடமிருந்து தப்பிவந்த பிரீனா என்ற சிறுமிக்கு மிஷனரி ஏமி கார்மைக்கேல் அடைக்கலம் கொடுத்ததிலிருந்து வளர்ந்ததுதான் நெல்லைச் சீமையின் டோனாவூர் இல்லம். பிறர் நேர்ந்துவிட்ட பிள்ளைக்காக நின்றதை நாம் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிறுமிகளுக்கு நேரவிருந்த கொடுமை வேறு. ஆனாலும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அதைக் கேட்காமலே தீர்மானிக்க யாருக்கும் உரிமையில்லை என்ற நியாயம் நம் வீட்டுக்கும் பொருந்தும்.

இன்னொரு குறையை இரு தரப்பிலும் பேசுவதே இல்லை. பிள்ளையைக் கொண்டுவரும் நாளில் தாய் சாட்சி சொல்வாள்: இத்தனை வருஷம் காத்திருந்தோம், ஜெபித்தோம், கர்த்தர் கர்ப்பத்தின் கனியைத் தந்தார். அது அவளுடைய உண்மையான நன்றி, அதை யாரும் தடுக்கக் கூடாது. அந்த நன்றியைப் பிரசங்கியார் எடுத்து ஒரு விதியாக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. விசுவாசத்தோடு கேட்டாள், பெற்றாள் என்கிறார். அதே ஜெபத்தை அதே கண்ணீரோடு செய்து இன்னும் பெறாதவள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் "உனக்கு விசேஷம் ஏதும் உண்டா?" என்று நாலு பேர் கேட்பார்கள். குழந்தை இல்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். தன் தவறு தெரிந்ததும் அவளைச் சமாதானத்தோடு அனுப்பினான். நம் சபைகள் முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கருச்சிதைவில் பிள்ளையை இழந்தவர்களுக்கு ஜெபிக்க எத்தனை சபைகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது?

தண்ணீரா வெறும் ஜெபமா என்ற வழக்கைத் தீர்த்துவைக்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. 1970 நவம்பரில் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கர்களோடு பாப்திஸ்துகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசிகளின் ஞானஸ்நானம் இரண்டையும் மாற்று முறைகளாக அந்தத் திருச்சபை ஏற்றது. 1982இல் பெரு நாட்டின் லீமாவில் உலகத் திருச்சபை மாமன்றத்தின் விசுவாச ஒழுங்கு ஆணையம் இறுதி செய்த ஆவணமும், எந்த முறையானாலும் பிள்ளை சபைக்குள் விசுவாசத்தில் வளர்க்கப்பட வேண்டும் என்ற இடத்தில்தான் அழுத்தம் வைத்தது.

ஆகவே சோதிக்க வேண்டியது சடங்குக்குப் பிந்திய வருஷங்களை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை சபையின் முழு அங்கம் என்கிறோம். ஆனால் திடப்படுத்தல் பெறும்வரை நம் புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் திருவிருந்துக்கு அதை அழைப்பதில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானத்தோடு நற்கருணையும் கொடுக்கிறார்கள். கத்தோலிக்கத்தில் பதின்பருவம்வரை தள்ளிப்போயிருந்த முதல் நற்கருணையை, அதாவது புதுநன்மையை, 1910இல் பத்தாம் பயஸ் ஏறக்குறைய ஏழு வயதுக்குக் கொண்டுவந்தார். நாம் மட்டும் அழுகிற பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறோம்.

பாதுகாப்பு விஷயத்தில் நம் கணக்கு இன்னும் மோசம். இங்கிலாந்தில் ஜான் ஸ்மைத் என்பவர் கிறிஸ்தவ முகாம்களில் பழக்கமான பையன்களைப் பல ஆண்டுகள் கொடூரமாக அடித்துச் சித்திரவதை செய்ததையும், இங்கிலாந்துத் திருச்சபையில் பலர் அறிந்திருந்தும் அது மூடப்பட்டதையும் ஒரு விசாரணை அறிக்கை வெளியே கொண்டுவந்தது. அதையடுத்து 2024 நவம்பரில் கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். பிள்ளைகளைத் தடுத்தவர்கள்மேல் இயேசு கோபப்பட்ட பகுதியை 1549 முதல் ஞானஸ்நான ஆராதனையில் வாசித்துவந்த திருச்சபை அது. இந்தியாவில் 2012 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்காத சபை, பிள்ளைகளை ஆசீர்வதிக்கிறோம் என்று சொல்லத் தகுதியற்றது.

என் முடிவு இது. இரண்டு சடங்குகளும் நிற்கட்டும். எது உயர்ந்தது என்ற விவாதத்தை இனி விட்டுவிடலாம். பெற்றோரிடம் கேட்கும் கேள்வியைச் சபையிடமும் கேளுங்கள். சபையார் எழுந்து நின்று பதில் சொல்லட்டும். சில வழிபாட்டு முறைகளில் இது ஏற்கெனவே இருக்கிறது, பல இடங்களில் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறார்கள். பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கும் அறிவிப்பை மேடையில் அனுமதிக்காதீர்கள். சேகரக் கமிட்டி ஆண்டுக்கொரு முறை ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் இப்போது எங்கே, எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதட்டும். நீங்கள் கமிட்டியில் இல்லையென்றாலும் பரவாயில்லை. அடுத்த முறை உங்கள் சபையில் ஒரு குழந்தையை முன்னால் கொண்டுவரும்போது, வீட்டுக்குப் போகும் முன் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் அதே நாளில் அந்த வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.