கடைகளின் மேல் ஒரு துலிப் தோட்டம்

இஸ்தான்புல்லுக்கு அலுவலாகப் போகிறவர்கள் பலருக்கும் லெவெந்த் பகுதியில்தான் அறை அமையும். கண்ணாடிக் கோபுரங்கள், வங்கிகள், குளிரூட்டிய கூட்ட அறைகள். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். ஆனால் அங்கிருந்து தெற்கே போகும் மெட்ரோவில் ஏறினால், தக்சிமைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, பொற்கொம்பு நீர்ப்பரப்பின் மேல் ஒரு பாலத்திலேயே நிற்கும். 2014இல் திறந்த ஹாலிச் நிலையம் அது. இறங்கி, தென்கரையை ஒட்டி எமினோனு பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். கூட்டம் மதியத்துக்கு மேல் என்றால் காலை முழுவதும் நம்முடையது.

நான் முதலில் தேடிப் போவது ருஸ்தம் பாஷா பள்ளிவாசலை. தேடித்தான் போக வேண்டும். ஹசிர்ஜிலார் கடைத்தெருவில் நிற்கும்போது அது கண்ணில் படாது. பாலாடைக்கட்டிக் கடை, ஆலிவ் பீப்பாய்கள், பாத்திரக் கடை. இரண்டு கடைகளுக்கு நடுவே இருட்டாக ஒரு வாசல், அதற்குள் வளைந்தேறும் குறுகிய கல்படி. ஏறி முடித்தால் திடீரென்று வானம். கீழே தெரு இரைகிறது. மேலே தூண்கள் தாங்கிய திண்ணையும் அமைதியான முற்றமும்.

சுலைமான் சுல்தானின் மருமகன் ருஸ்தம் பாஷா, பேரமைச்சராக இருந்தவர். 1561இல் அவர் மறைந்தார். அவர் பெயரிலான இந்தப் பள்ளிவாசலை ஏறத்தாழ அந்த ஆண்டுகளில் எழுப்பியவர் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். இடமோ தாழ்வானது, நெருக்கமானது, வியாபாரம் கொழிப்பது. சினான் கடைகளை அகற்றவில்லை. கல் வளைவுகளால் கடைகளையும் கிட்டங்கிகளையும் கட்டி, அவற்றின் தலைமேல் தொழுகைக் கூடத்தை ஏற்றி வைத்தார். கடைகளின் வாடகை வக்ஃபு என்னும் அறக்கட்டளை வழியாக மேலே விளக்கெரித்தது. வியாபாரமும் வழிபாடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உள்ளே போனதும் சுவர் எல்லாம் பூக்கிறது. இஸ்தான்புல்லுக்குத் தென்கிழக்கே ஏரிக்கரையில் இருக்கும் இஸ்னிக் ஊரின் பீங்கான் ஓடுகள். சுவரில், எண்பட்டைத் தூண்களில், தொழும் திசை காட்டும் மிஹ்ராப் மாடத்தில், வெளித் திண்ணையில் கூட. துலிப், கார்னேஷன், பிளம் மலர்க்கிளை, ரம்பப் பல் விளிம்புள்ள நீண்ட இலைகள். துலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கலாம். ஒன்றின் இதழில் புள்ளி, ஒன்றில் செதில், ஒன்று இன்னும் விரியாத மொட்டு. காம்புகளைப் பாருங்கள். தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார்கள். தொடங்கும் இடத்தில் மெலிந்து, வளைவில் பருத்து, பூவைத் தொடுமுன் மறுபடி மெலிகிறது. கையின் அழுத்தம் நானூற்று அறுபது ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

இனி அந்தச் சிவப்பு. தக்காளிச் சிவப்பு என்றே கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். நீலம் கோபால்ட்டிலிருந்தும் பசுநீலம் செம்பிலிருந்தும் வருபவை, கரைசலாகப் படர்பவை. சிவப்பு அப்படிப் படராது. இரும்புச்சத்து மிகுந்த களிமண்ணைக் குழைத்துத் தடிப்பாக வைத்தால்தான் சூளையிலிருந்து சிவப்பாக வெளிவரும். அதனால் நேரே பார்த்தால் நிறமாகத் தெரிவது, சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டில் பார்த்தால் புடைப்பாகத் தெரியும். சன்னல் வெளிச்சம் அந்த மேட்டின் மேல் ஒரு வெண்கோடு போட்டுப் போகும். மெருகுக்கு அடியில் சிவப்பு உயிரோடு இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். இந்தப் பக்குவம் நெடுநாள் நிலைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பு பழுப்பேறியது, மெருகு மங்கியது. இஸ்னிக்கின் உச்சத்தைக் கண்மட்டத்தில், ஒரு முழம் தள்ளி நின்று காண வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். நீலப் பள்ளிவாசலில் 20,000க்கும் மேற்பட்ட ஓடுகள் உண்டு. ஆனால் அவற்றில் சிறந்தவை மேல்மாடத்தில், எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

நண்பகல் தொழுகைக்கு அழைப்பு கேட்டதும் பார்வையாளர்கள் வெளியேற வேண்டும். அப்போது கடைக்காரர்கள் அதே படியில் ஏறி வருவார்கள், கையைத் துடைத்துக்கொண்டே. அவர்களுக்கு வழிவிட்டு இறங்குவதும் ஒரு நிறைவு.

கீழே தெருவில் கவனிக்க வேண்டியவர் தேநீர்க்காரர். அவர் கையில் இருப்பது சாதாரணத் தட்டு இல்லை. வட்டத் தட்டிலிருந்து மூன்று கம்பிகள் எழுந்து மேலே ஒரு வளையத்தில் சேர்கின்றன. அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் ஏறக்குறைய ஓடுகிறார். இடை சிறுத்த கண்ணாடிக் குவளைகள் விளிம்புவரை நிறைந்திருக்கின்றன. தட்டு ஊசலாடுகிறது, ஆனால் சிந்தவில்லை. தொங்கும் தட்டு வீச்சோடு தானும் சாய்வதால் தேநீர் குவளையின் ஒரு பக்கம் ஒதுங்குவதில்லை. குவளைக்குப் பிடி கிடையாது. விளிம்பைப் பிடித்துக் குடிக்க வேண்டும். மெல்லிய கண்ணாடி என்பதால் சாயத்தின் செம்மை முழுவதும் தெரியும். கருங்கடலோரத்து ரிசேயில் விளைந்த இலை. விலை பேசும்போது ஒரு குவளை வந்து முன்னால் அமர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் அவசரப்படுவதில்லை.

செம்புக் காப்பிக் கிண்டிகளை வாங்காவிட்டாலும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளியே சுத்தியல் தடம் பதிந்த செம்பு, உள்ளே வெள்ளீயப் பூச்சு. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிய அதே காரணம்தான்.

மிளகும் பட்டையும் கேரளக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எகிப்து வழியாக இந்த நகரத்துக்கு வந்தவை. 1660களில் கட்டி முடிந்த மசாலா அங்காடியும் பக்கத்துப் புதிய பள்ளிவாசலின் பராமரிப்புக்காக எழுந்ததே. அதன் வளைவுகளின் கீழே நிறம் நிறமாகக் குவித்திருப்பது பெரும்பாலும் பயணிகளுக்காக. ஊர் மக்கள் வாங்குவது வெளிச்சுவரை ஒட்டிய சந்துகளில். உர்ஃபா மிளகாய்த் தூளை அங்கே கேளுங்கள். பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிப் புழுங்கவைத்து, பல நாள் பதப்படுத்துவார்கள். கருஞ்சிவப்பு, விரலில் லேசான எண்ணெய்ப் பசை, புகையும் உலர்திராட்சை இனிப்பும் முதலில் வரும், காரம் தொண்டைக்குப் போன பிறகு மெல்ல எட்டிப்பார்க்கும். அடுத்த மூலையில் 1871 முதல் இயங்கும் குருகாவெஜி மெஹ்மெத் எஃபெந்தி காப்பிக் கடை. வரிசை நீளமாக இருக்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். காப்பித்தூளைக் காகிதத்தில் மடிக்கும் அந்த விரல்களின் வேகத்தைப் பார்க்கவே நிற்கலாம்.

இன்னும் நேரம் இருந்தால் எமினோனுவில் படகேறி எதிர்க்கரை உஸ்குதாருக்குப் போகலாம். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆயாஸ்மா பள்ளிவாசலின் சுவரில் அண்ணாந்து பாருங்கள். குருவிகளுக்காகக் கல்லில் செதுக்கிய வீடுகள். வீடுகள் என்பதைவிட மாளிகைகள். குவிமாடம், சன்னல், மாடம், எல்லாம் உண்டு. மனிதக் கை எட்டாத உயரத்தில், காற்று மோதாத பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் சின்னச் சன்னல்களின் செதுக்கு வேலை நிழலோடு துல்லியமாகத் தெரியும்.